கலர் பனியனுக்கு இரண்டு குடம் தண்ணீர்! திருப்பூர் கற்ற பாடத்தை கல்யாண் கற்குமா?

(நமது கல்யாண் நிருபர்)

கல்யாண் ஸ்டேஷனிலிருந்து அம்பர்நாத், பத்லாப்பூர் பக்கம் போகும் லோக்கலில் தினமும் வேலைக்குச் செல்லும் தமிழர்கள் பலர். வண்டி விட்டல்வாடியை நெருங்கும்போது ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார். ஊரிலிருந்து புதிதாக வந்தவர், "இது என்ன சாக்கடை?" என்று கேட்பார்.

அது சாக்கடை அல்ல. வால்துனி நதி!

அம்பர்நாத்தில் கி.பி. 1060-ம் ஆண்டைச் சேர்ந்த சிவன் கோவில் இருக்கிறது. அந்தக் கோவிலை ஒட்டி ஓடி, உல்லாஸ்நகர் வழியாகக் கல்யாணுக்கு வந்து உல்லாஸ் நதியின் கழிமுகத்தில் கலக்கிறது வால்துனி. வழியில் ஊர்ச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் அதில் சேருகின்றன. ஜீன்ஸ் துணிக்குச் சாயம் போட்டு வெளுக்கும் பட்டறைகளின் கழிவு சேர்ந்த நாட்களில், நதி நீல நிறமாகவே ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு.

பக்கத்து டோம்பிவிலியின் கதையும் இதுதான். 2014-ல் அங்கே பச்சை நிறத்தில் மழை பெய்தது என்றார்கள். 2020 பிப்ரவரியில் தொழிற்பேட்டை ரோடு ஒன்று ரோஜா நிறத்துக்கு மாறியது. அப்போது முதல்-மந்திரியே நேரில் வந்து பார்த்தார்.

ஆறா? அடுப்பா?

நதிகள் கெட்டுப்போவதை எதிர்த்து 'வனசக்தி' என்ற தொண்டு நிறுவனம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2015-ல் தீர்ப்பாயம் அபராதம் விதித்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் உல்லாஸ்நகர் ஜீன்ஸ் பட்டறைகள் பல மூடப்பட்டன.

எனக்குத் தெரிந்த திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர். ஒருநாள் காலையில் போனபோது கதவில் பூட்டு. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, சம்பளமும் இல்லை. மூன்று மாதம் சும்மா இருந்தார். பிறகு வேறு ஒரு கிராமத்தில், தகரக் கொட்டகையில், அதே மெஷின்களோடு அதே வேலை கிடைத்தது. கழிவுநீர் இப்போது வேறொரு ஓடையில் போகிறது.

ஆறு பெரிதா, என் வீட்டு அடுப்பு பெரிதா என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதே கேள்வியை நமக்கு முன்பே சந்தித்த ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கல்யாண் வழியாகப் போகும் கோவை எக்ஸ்பிரசில் ஏறினால் அங்கே இறங்கிவிடலாம். அதுதான் பனியன் நகரமான திருப்பூர். அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால் அண்ணாச்சிக்குப் பதில் சொல்லலாம்.

இவ்வளவு தண்ணீரும் எதற்கு?

பருத்தித் துணிக்குச் சாயம் போடுவது சட்டியில் முக்கி எடுக்கும் வேலை அல்ல. முதலில் துணியிலுள்ள எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் போக்க வேண்டும். பிறகு வெளுக்க வேண்டும், அலச வேண்டும். சாயம் போட்ட பின் ஒட்டாத சாயம் போகும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர்!

பழைய 'வின்ச்' மெஷினில் ஒரு கிலோ துணிக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். பத்துத் தடவை மாற்றினால் 200 லிட்டர். ஒரு கலர் பனியன் 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மட்டும் 30 லிட்டர். நம் சால் வீடுகளில் விடியற்காலையில் எழுந்து வரிசையில் நின்று பிடிக்கிறோமே, அந்தக் குடத்தில் இரண்டு குடம்!

கண்ணுக்குத் தெரியாத எதிரி

நிறம்தான் கெடுதல் என்று நாம் நினைக்கிறோம். அதைவிடப் பெரிய கெடுதல் உப்பு.

தண்ணீரில் கரைந்த சாயத்தைப் பருத்தி நூலின் பக்கம் தள்ளுவது உப்புதான். அதன் பிறகு சோடா போட்டுச் சாயத்தை நூலில் பிணைக்கிறார்கள். வேலை முடிந்ததும் உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்குவதில்லை. போட்டது அத்தனையும் வெளியே வந்துவிடும். சாயத்திலும் ஒரு பகுதி ஒட்டாமல் கூடவே வரும்.

லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று கணக்கு வைப்போம். 20 லிட்டரில் சாயம் போட்டால், ஒரு கிலோ துணிக்கு 1,200 கிராம் உப்பு. துணியின் எடையைவிட உப்பின் எடை அதிகம்!

1990-களின் கடைசியில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு நிறத்தை இறக்கினார்கள். தண்ணீர் பார்வைக்குத் தெளிந்தது. ஆனால் கரைந்த உப்பு அப்படியே இருந்தது. அது நொய்யல் ஆற்றில் போய்ச் சேர்ந்தது.

பாசனத்துக்குக் கட்டிய அணை

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களின் பாசனத்துக்காக, சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது.

அணையைச் சுற்றியுள்ள கிணறுகள் உப்பாயின. பயிர் கருகியது. அணையைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீர் கேட்டுப் போராடும் விவசாயியைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன விவசாயி அங்கேதான் இருந்தார்.

கோர்ட்டு போட்ட பூட்டு

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை ஐகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்றும், அந்த ஏற்பாடு முடியும்வரை வெளியே விடும் தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்ட வேண்டும் என்றும் கோர்ட்டு சொன்னது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

தவணை மேல் தவணை போனது. வேலை முடியவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் இல்லாவிட்டால் தைக்கத் துணி ஏது? துணியை வெளிமாநிலங்களுக்கு லாரியில் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். கூலிக்காரர்கள் பலர் மூட்டை கட்டி ஊர் திரும்பினார்கள். தப்பு செய்தவர் யாராக இருந்தாலும், முதல் அடி விழுந்தது தொழிலாளியின் வயிற்றில்தான்.

உப்புநீரே சரக்கானது

அத்தோடு முடிந்திருந்தால் அது இன்னொரு உல்லாஸ்நகர் கதையாகியிருக்கும். அப்படி முடியவில்லை.

வழி தெரிந்தது அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில். கழிவுநீரை முதலில் பாக்டீரியாக்களைக் கொண்டு சுத்தம் செய்கிறார்கள். பிறகு மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். வீடுகளில் இருக்கும் ஆர்.ஓ. மெஷின் செய்யும் அதே வேலைதான், பெரிய அளவில். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வந்துவிடும். கடும் உப்புநீர் இன்னொரு பக்கம் மிஞ்சும்.

அந்த உப்புநீர் முழுவதையும் காய்ச்சி வற்ற வைப்பதற்கு விறகும் மின்சாரமும் கட்டுப்படியாகாது. அதனால் அதன் நிறத்தை மட்டும் நீக்கி, அடுத்த சாயத்துக்கு உப்புக் கரைசலாக அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். சாயத்துக்கு எப்படியும் உப்பு வேண்டுமே! மீதியைத்தான் காய்ச்சினார்கள். தமிழக அரசு வட்டியில்லாக் கடனாகச் சுமார் ரூ.200 கோடி கொடுத்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாக மீண்டும் திறந்தன. இன்று அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர் திரும்பவும் பட்டறைக்கே வருகிறது. ஒரு காலத்தில் டாங்கர் லாரிகளில் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிய ஊர் அது!

எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடக்கிறது. மழை நாட்களில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகாரும் வருகிறது. ஆனாலும் தொழிலையும் வைத்துக்கொண்டு கழிவையும் அடக்க முடியும் என்று காட்டிய ஊர் திருப்பூர்.

மிச்சம் பிடிப்பது மெஷினில்

கழிவைச் சுத்தம் செய்யும் செலவு அதன் அளவைப் பொறுத்தது. ஆகவே முதலில் குறைய வேண்டியது மெஷினுக்குள் போகும் தண்ணீர்.

திருப்பூரில் வின்ச் மெஷின்கள் குறைந்து 'சாஃப்ட் புளோ' மெஷின்கள் வந்தன. இதில் ஒரு கிலோ துணிக்கு ஒரு தடவைக்கு 8 லிட்டர் போதும். 20 லிட்டர் 8 லிட்டரானால் தண்ணீர் மட்டுமா குறைகிறது? 1,200 கிராம் உப்பும் 480 கிராமாகிறது. கொதிக்க வைக்கும் விறகும் குறைகிறது. அந்தக் கலர் பனியனுக்கு இப்போது ஒரு குடம்கூடத் தேவையில்லை!

நெதர்லாந்தில் தண்ணீரே இல்லாமல், கரியமில வாயுவை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றும் மெஷினே செய்துவிட்டார்கள். ஆனால் பருத்திக்கு அது இன்னும் சரிப்பட்டு வரவில்லை.

புது மெஷின் வாங்குவது முதலாளியின் காரியம். பட்டறையில் நிற்கும் நம்மவர்கள் கையிலும் சில காரியங்கள் இருக்கின்றன. குழாயைத் திறந்துவிட்டு வழிய வழிய அலசுவதைவிட, நிரப்பி அலசி வடிப்பதில் செலவு குறைவு. கடைசி அலசல் தண்ணீர் ஏறக்குறைய சுத்தமானது. அடுத்த துணியின் முதல் அலசலுக்கு அது போதும். சாயத்தையும் உப்பையும் கை மதிப்பில் போடாமல் எடை போட்டுப் போட வேண்டும். ஷேடு தவறிவிட்டால் மறுபடியும் சாயம் போட வேண்டும். தண்ணீரும் இரட்டிப்பு, கழிவும் இரட்டிப்பு. சாயத் தொட்டியின் தண்ணீரையும் அலசிய தண்ணீரையும் ஒரே கால்வாயில் விடக்கூடாது. உப்பின் பெரும்பகுதி சாயத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைத் தனியே பிடித்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

கல்யாணுக்கு என்ன வழி?

திருப்பூரில் பட்டறைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து பொது நிலையம் வைத்திருந்தார்கள். அரசு கடன் கொடுத்தது. விவசாயிகள் விடாமல் கோர்ட்டுக்குப் போனார்கள். மூன்றும் சேர்ந்ததால் காரியம் நடந்தது. இங்கே தகரக் கொட்டகையில் நடக்கும் சிறு பட்டறை தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. மூடினால் அடுத்த கிராமத்துக்குப் போகும். ஓடைக்கு ஓடை கழிவும் கூடவே போகும். பட்டறைகளை ஒரே இடத்தில் கூட்டி, பொது நிலையம் கட்டி, அதில் சேராதவருக்குத் தண்ணீரும் மின்சாரமும் இல்லை என்று சொன்னால் மட்டுமே இது நிற்கும்.

ஆறா, அடுப்பா என்று கேட்ட அண்ணாச்சியை நேற்று ஸ்டேஷனில் பார்த்தேன். திருப்பூர்க் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, அங்கே மூடிக் கிடந்த காலத்துக்குக் கூலிக்காரனுக்குச் சம்பளம் கொடுத்தார்களா என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இங்கே திட்டம் போடுகிறவர்கள் அதற்கும் சேர்த்துப் பதில் வைத்துக்கொண்டு வர வேண்டும். செய்வார்களா?