குட்டைக்கு வெளியே போகும் செலவு

1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த இறால் பண்ணைத் தீர்ப்பில் ஒரு பட்டியல் உண்டு. விளைநிலம், உப்பளம், அலையாத்திக்காடு, சதுப்பு நிலம், ஊர்ப் பொதுநிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக்கூடாது என்கிறது அது. காவிரி டெல்டாக் கரையோர அதிராம்பட்டினத்துக்காரர் படித்தால் தன் ஊரின் வரைபடத்தைப் பார்ப்பது போலிருக்கும். ஊருக்கு உள்ளே தள்ளிக் கடைமடை வயல்கள், கடலோரம் உப்பளம், கிழக்கே முத்துப்பேட்டை வரை நீளும் அலையாத்தி. நன்னீரும் உவரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற மண்.

வழக்குப் போட்டவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். 1968இல் நடந்த கீழவெண்மணிப் படுகொலைக்குப் பிறகு அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சையிலேயே தங்கி, நிலமற்ற கூலிகளுக்கு நிலம் வாங்கிக்கொடுக்கப் பாடுபட்டார்கள். 1981இல் அதற்கென்றே ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டெல்டாக் கரையோரம் இறால் பண்ணைகள் பெருகின. அவற்றை எதிர்த்துத்தான் அந்த வழக்கு.

குட்டைக்கு உப்புநீர் ஏற்ற வேண்டும். அது கரையோடு நிற்காது. கசிந்து பக்கத்து வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் போகும். தீவன மிச்சமும் மருந்தும் கலந்த கழிவுநீர் வாய்க்காலில் இறங்கும். நடவு, களை, அறுப்பு என்று வருஷத்தில் பல மாதம் ஆள் கேட்ட வயல், குட்டையானபின் காவலுக்கும் தீவனம் போடவும் சிலரைக் கேட்கும். போதாக்குறைக்கு இறாலைக் கொல்லும் வெண்புள்ளி நோய். அது வந்துவிட்டால் குட்டைக்காரர் வேறு இடம் தேடிப் போகலாம். உவர் ஏறிய நிலம் எங்கே போகும்?

நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் நாக்பூரின் ‘நீரி’ ஆய்வு நிறுவனம் கரையோரங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டது. இறால் விற்று வந்த பணத்தைவிட, சூழலுக்கும் மக்கள் பிழைப்புக்கும் ஏற்பட்ட சேதம் பெரிது என்பது அதன் முடிவு. அதுவரை லாபம் என்று எழுதப்பட்டது, வேறொருவர் தலையில் ஏற்றிய செலவுதான் என்று அரசு நிறுவனமே சொன்னது அப்போது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துப் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடிக்கச் சொன்னது தீர்ப்பு. வேலை இழப்பவர்களுக்கு ஆறு ஆண்டுச் சம்பளத்தைக் கூடுதல் ஈடாகத் தரவும் சொன்னது. பண்ணையை மூடினாலும் கூலிக்காரரைக் கைவிடாத அந்த வரிக்காகவே இந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு மரியாதை.

ஆனால் மறுசீராய்வு மனுக்கள் வந்தன, இடிப்பு நின்றது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இறால் வளர்ப்பைத் தடுக்கவே இல்லை என்று அது முன்தேதியிட்டுச் சொல்லிவிட்டது.

முதலாளித்துவத்தின் பெரிய வக்கீலான மில்டன் ஃப்ரீட்மன், வியாபாரத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று 1970இல் எழுதினார். ஆட்ட விதிக்கு உட்பட்டு, ஏமாற்றாமல் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. அந்த நிபந்தனையைப் பலரும் வசதியாக மறந்துவிடுவார்கள். இங்கே நடந்ததை அவரே பார்த்திருந்தாலும் முகம் சுளித்திருப்பார். ஆட்டம் முடிந்து பண்ணைக்காரர்கள் தோற்றபின் விதி மாறியது.

குட்டை போட்டவரெல்லாம் கொள்ளைக்காரர் என்று நான் சொல்லவில்லை. மேட்டூர் அணை திறந்தும் தண்ணீர் எட்டாத கடைமடையில் நெல்லை நம்பிக் கடன்பட்டவர், குத்தகைக்கு ஆள் வந்தால் நிலத்தைக் கொடுக்கத்தான் செய்வார். இறாலால் நாட்டுக்கு டாலர் வருகிறது என்பதும் மெய். ஆனால் கிணறு உவர்த்துப்போனவருக்கு அதில் ஒரு பைசா வருவதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் குழாய்க்கு நடப்பது அவர் வீட்டுப் பெண்கள்.

சம்பாதித்ததில் ஒரு பங்கை ஊருக்குத் தருவது அதிராம்பட்டினத்துக்குப் புதிதல்ல. 1955இல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி அப்படி ஓர் அறக்கட்டளையால் வந்ததுதான். 2013 கம்பெனிச் சட்டமும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கொடுப்பது நல்லதே. ஆனால் அந்த லாபத்தைக் கணக்கிடும்போது கிணற்றுச் செலவு கழிக்கப்பட்டதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

2023இல், முன்பு சொன்ன கடலோர வளர்ப்பு ஆணையச் சட்டம் திருத்தப்பட்டது. பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்றிருந்தது போய் அபராதமானது. தொழிலுக்கு எளிமை என்றார்கள். சரி, தண்டனையை எளிதாக்கியவர்கள் ஈட்டையும் எளிதாக்கலாமே. பண்ணைக்குப் பதிவு கொடுக்கும்போதே சுற்றியுள்ள கிணறுகளின் உப்பை அளந்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும். வருஷா வருஷம் மறுபடி அளக்கட்டும். உப்பு ஏறினால் குடிநீர் லாரிக்குப் பண்ணைக்காரர் பணம் கட்டட்டும்.