மொட்டை மாடி வெயில் யார் தலையில்?

திண்டுக்கல் கடைக்காரரும் கட்டிடக்காரரும் சேர்ந்து போட வேண்டிய ஒரு கணக்கு

சித்திரை, வைகாசி மாதங்களில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையை மாலை நேரத்தில் தொட்டுப் பாருங்கள். கை சுடும். சூரியன் மறைந்த பிறகும் பாறை ஆறாது. பகலெல்லாம் குடித்த வெயிலை, பொழுது சாய்ந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

கான்கிரீட் கூரையும் அப்படித்தான். ரத வீதியிலும், மெயின் ரோட்டிலும், நாகல் நகரிலும் மொட்டை மாடிக்கு நேர் கீழே கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாலை 6 மணிக்கு வியாபாரம் சூடு பிடிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கூரையும் சூட்டைக் கீழே இறக்கும்.

உடனே மின்விசிறிகள் முழு வேகத்தில் சுழலும். ஏ.சி. இருந்தால் 18 டிகிரிக்குத் திருப்புவார்கள். மீட்டர் ஓடும். பில் வரும்போது கடைக்காரருக்கு வேர்க்கும்.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. மாடித் தளத்தில் வெள்ளை ஓடு பதிக்கலாம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசலாம். அதுவும் முடியாவிட்டால், வெறும் சுண்ணாம்பு அடித்தாலே ஓரளவு சூடு குறையும். பிறகு ஏன் பலர் செய்வதில்லை?

"நீதானே பில் கட்டுகிறாய்?"

கடைக்காரர் கேட்பார்: "அண்ணே, மாடிக்கு வெள்ளை ஓடு பதித்துக் கொடுங்களேன். அனல் தாங்க முடியவில்லை."

கட்டிடக்காரர் சொல்லுவார்: "கரண்ட் பில் கட்டுவது நீ. மிச்சம் ஆனால் உனக்குத்தான் லாபம். நான் எதற்குத் தம்பி செலவு செய்ய வேண்டும்?"

அவர் சொல்லுவதில் நியாயம் உண்டு.

சரி, கடைக்காரரே செய்து கொள்ளலாமே? அவருக்கும் ஒரு பயம். ஒப்பந்தம் 11 மாதம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் இது. "இன்று ஓடு பதிப்பேன். அடுத்த ஆண்டு கடையைக் காலி செய்யச் சொன்னால், ஓட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டா போக முடியும்?" என்கிறார். அதுவும் நியாயம்தான்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருக்கும் நஷ்டம். ஆண்டுதோறும் பணம் மொட்டை மாடியிலேயே ஆவியாகிறது.

உலகம் கண்ட வழி

இந்த வழக்கு திண்டுக்கல்லுக்கு மட்டும் உரியது அல்ல. நியூயார்க் நகரத்தின் வானளாவிய கட்டிடங்களிலும் இதே பேச்சுத்தான் நடந்தது. அங்கே 2011-ல் ஒரு வழி கண்டார்கள். 7, உலக வர்த்தக மையம் என்ற 52 மாடிக் கட்டிடத்தில் இடம் பிடித்த ஒரு வழக்கறிஞர் நிறுவனம், அந்த வழியைத் தன் குத்தகைப் பத்திரத்தில் எழுதிக்கொண்டது.

வழி இதுதான்: மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வேலையைக் கட்டிடக்காரர் செய்வார். ஆண்டுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று நிபுணர் மதிப்பிடுவார். அதில் 80 சதவீதத்துக்கு மேற்படாமல், போட்ட முதல் திரும்பும் வரை, கட்டிடக்காரர் வசூலித்துக் கொள்ளலாம். மீதி 20 சதவீதம் வாடகைக்கு இருப்பவருக்குப் பாதுகாப்பு. மதிப்பீடு கொஞ்சம் தவறினாலும் அவர் கையைக் கடிக்காது.

இத்தகைய ஒப்பந்தத்துக்குப் பசுமைக் குத்தகை என்று பெயர். ஆஸ்திரேலிய மத்திய அரசு 2006-லேயே தன் அலுவலகக் குத்தகைகளில் இந்த முறையைக் கொண்டு வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமே வந்துவிட்டது. மின்சிக்கனத் தரம் மிகவும் தாழ்ந்த வணிகக் கட்டிடத்தை, சில விலக்குகள் தவிர, 2018 ஏப்ரல் 1 முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய குத்தகைகளுக்கும் அதே விதி.

நம் சட்டத்திலும் இடம் இருக்கிறது

அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சங்கதி என்று தள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்தது. அரசுக் கட்டிடம், வக்பு சொத்து போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றபடி நகரங்களில் வீட்டுக்கும் கடைக்கும் இதுவே சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

பராமரிப்பு யார் பொறுப்பு என்றும் அந்தச் சட்டம் பிரித்துச் சொல்கிறது. மின்சார வயரிங் கட்டிடக்காரர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் பழுது வாடகைதாரர் பொறுப்பு.

இன்னொரு முக்கியமான விதி. வாடகைதாரரோடு பேசி முடிவு செய்து, கட்டிடக்காரர் பணம் போட்டு இடத்தை மேம்படுத்தினால், இருவரும் ஒப்புக்கொண்ட அளவுக்கு வாடகையைக் கூட்டலாம். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த உயர்வு அமலாகும். சாதாரணப் பழுது பார்ப்பது இதில் சேராது.

பசுமைக் குத்தகைக்கு வேண்டிய வாசல் இதுதான். வாசல் திறந்தே இருக்கிறது. உள்ளே போவதுதான் பாக்கி.

கணக்கைப் பாருங்கள்

ஓர் உதாரணம். மாடியில் வெள்ளை ஓடு பதிக்க 48,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் ஆண்டுக்கு 15,000 ரூபாய் மின்சாரம் மிச்சமாகும் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் 80 சதவீதம் 12,000 ரூபாய். அதாவது வாடகையில் மாதம் 1,000 ரூபாய் கூடும்.

நான்கே ஆண்டில் கட்டிடக்காரர் போட்ட முதல் திரும்பிவிடும். தளமும் வெயிலில் வெடிக்காமல் நீடித்து உழைக்கும். கடைக்காரருக்கு அந்த நான்கு ஆண்டும் ஆண்டுக்கு 3,000 ரூபாய் கையில் நிற்கும். ஐந்தாம் ஆண்டிலிருந்து அந்த 1,000 ரூபாய் உயர்வு நீங்கிவிடும். முழு 15,000 ரூபாயும் அவருக்கே. வாடிக்கையாளர் வேர்க்காமல் நின்று சாமான் பார்ப்பது தனி லாபம்.

பத்திரத்தில் என்ன எழுதுவது?

முதலாவது, அளவு. வேலைக்கு முந்தைய 12 மாதத்தில் எத்தனை யூனிட் ஓடியது என்று குறித்து வையுங்கள். ரூபாயில் குறிக்க வேண்டாம். கட்டணம் மாறும், யூனிட் மாறாது.

இரண்டாவது, பங்கு. கழற்றி எடுத்துப் போகக் கூடிய விசிறி, விளக்கு, ஏ.சி. ஆகியவை கடைக்காரர் செலவு. கழற்ற முடியாத கூரை, சுவர், வயரிங் ஆகியவை கட்டிடக்காரர் செலவு. கூரை வேலையில் வரும் மிச்சத்தில் இருவருக்கும் பங்கு.

மூன்றாவது, காலம். முதல் திரும்ப நான்கு ஆண்டு என்றால், ஒப்பந்தம் ஐந்து ஆண்டாவது இருக்கட்டும். அதை முறைப்படி பதிவு செய்யுங்கள்.

நான்காவது, முடிவு. முதல் தீர்ந்ததும் வாடகை உயர்வு நீங்கும் என்று எழுதுங்கள். நடுவில் கடைக்காரர் காலி செய்தால் என்ன, கட்டிடக்காரர் காலி செய்யச் சொன்னால் என்ன என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது.

இன்றே செய்யக் கூடியது

பத்திரம் எழுதும் வரை கடைக்காரர் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளைக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 162 யூனிட் மிச்சம். யூனிட் 10 ரூபாய் என்று வட்டமாகப் போட்டால் 1,620 ரூபாய். சுமார் 3,000 ரூபாய் விசிறி இரண்டு ஆண்டில் தன் விலையைத் தானே கொடுத்துவிடும். கடை மாறினால் கழற்றிக்கொண்டும் போகலாம்.

ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு.

ஆனால் கூரை வேலையைத் தனி ஒருவராகச் செய்ய முடியாது. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று வங்கியிடம், ஒன்று வாடிக்கைக்காரரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். பூட்டுக்குப் பேர் போன ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்க உட்காரும்போது, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதோடு பேச்சை நிறுத்த வேண்டாம். மாடிக்கு என்ன செய்யலாம் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.