வாக்குச்சீட்டிலிருந்து வாட்ஸ்அப்புக்கு வந்த சேவல்

உள்ளூராட்சித் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் இராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சேவல்கள் பெருகிவிடும். பெயருக்குப் பக்கத்தில் ஒன்று, பிறந்தநாள் வாழ்த்தின் கடைசியில் மூன்று, சில நேரம் எழுத்தே இல்லாமல் வரிசையாகப் பத்து. வெளியூர்க்காரர் பார்த்தால் காலை வணக்கம் என்றோ ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறி என்றோ நினைப்பார். இலங்கை மலையகத்தின் வலப்பனைத் தொகுதித் தேயிலைத் தோட்டங்களில் அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்: இது காங்கிரஸ் வீடு.

சேவல், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சின்னம். 1939இல் இலங்கை இந்திய காங்கிரஸாகத் தொடங்கி, சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமையில் மலையகத்தின் பெரிய தொழிற்சங்கமாக வளர்ந்த அமைப்பு அது. சந்தாப் பணம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துத் தகராறு, வேலைநிறுத்தம், சாவு வீட்டு உதவி என்று தோட்டத்து வாழ்க்கையின் எல்லா மூலைக்குள்ளும் சங்கம் புகுந்திருந்த காலத்தில், சேவல் படமும் கூடவே தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் வந்தது. கொடியில் பார்த்தார்கள், சுவரொட்டியில் பார்த்தார்கள். இப்போது கைத்தொலைபேசியில் விரலால் தட்டி அனுப்புகிறார்கள்.

ஒரு படத்துக்கு இவ்வளவு கனம் எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் அதைத் தொடர்ந்து போயிற்று. 1964இல் இலங்கை, இந்திய அரசுகளின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, குடும்பங்களைக் கடலின் இரு கரைகளிலும் பிரித்துப் போட்டது. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா என்ற மூன்று உறுப்பினர் தொகுதியில் தொண்டமான் வென்றபோதுதான் இந்த மக்களின் வாக்கில் ஒருவர் மறுபடி நாடாளுமன்றம் போக முடிந்தது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியவர்கள், அதில் தமக்குத் தெரிந்த படத்தைத் தேடிப் புள்ளடி போட்டார்கள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன தோட்டங்களில் படத்தை வாசிப்பது ஒரு தேர்ச்சி. எமோஜி வந்தபோது அந்தத் தேர்ச்சி ஏற்கெனவே அங்கே இருந்தது.

எமோஜிச் சேவல் 2010இல் யூனிகோட் 6.0 பதிப்பில் இடம்பெற்றது. கோழித்தலை வேறு, முழு உருவச் சேவல் வேறு என்று இரண்டு படங்கள் தரப்பட்டன. முழு உருவம் சீன ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளில் ஒன்று. 2017 சேவல் ஆண்டாகப் பிறந்தபோது உலகம் முழுக்கப் பறந்தது. பிரான்ஸ் விளையாடும் நாள்களில் அது பிரெஞ்சுக்காரரின் தேசியப் பறவை. போர்த்துக்கலில் பார்செலோஸ் ஊர்ச் சேவல். லண்டனில் டொட்டன்ஹாம் கழகத்தின் அடையாளம். ஆங்கிலப் பேச்சில் அதற்குக் கொச்சையான ஒரு பொருளும் உண்டு. மலையகத்தில் முழுச் சேவல்தான் கட்சி. தலை மட்டும் வந்தால் அது கறி.

கட்சிக்கும் முந்திய சேவல் ஒன்று இந்த மலைகளில் இருக்கிறது. முருகனின் கொடியில் நிற்பது அது. சூரசம்ஹாரத்தில் சூரனின் உடலில் பாதி மயிலாகி மறுபாதி சேவலான கதை கந்தசஷ்டி வரும்போதெல்லாம் வாசிக்கப்படுகிறது. ஆனால் லயத்து மனிதருக்கு இன்னும் நெருக்கமான சேவல், மரத்தடி முனியாண்டிக்கும் தேயிலைத் தொழிற்சாலையைக் காக்கும் ரோதை முனிக்கும் நேர்ந்துவிட்டது. காலில் கயிறு கட்டி, பொட்டு வைத்து, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டம் மூச்சடக்கி நிற்கும். சேவல் உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். சிலிர்க்காவிட்டால் மறுபடி தண்ணீர். இந்துக் கோயில்களில் மிருகபலியைத் தடை செய்யும் யோசனைக்கு 2018இல் அமைச்சரவை இணங்கியது. அதைச் சட்டத்தின் விவகாரமாக மட்டும் கொழும்பு பார்த்திருக்கலாம். தோட்டத்தில் சேவல் பலி என்பது சாமியோடு செய்துகொண்ட வாக்கு.

தமிழ்நாட்டுக்கும் சேவல் சின்னம் பழக்கமானதே. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. சேவல் 27 இடங்களை வென்றது. அதற்கும் வெகுதூரம் பின்னால் போனால் சோழரின் உறையூர் வரும். யானையை ஒரு சேவல் எதிர்த்து வென்ற இடம் என்பதால் அதற்குக் கோழியூர் என்றும் பெயர்.

அந்தப் பழங்கதையை மலையக அரசியல் தலைகீழாக்கியிருக்கிறது. இங்கே சேவல் அடிக்கடி யானை மேல் ஏறிப் பயணம் செய்யும். நாடாளுமன்றத் தேர்தலில் காங்கிரஸ் பெரும்பாலும் பெரிய கட்சி ஒன்றின் சின்னத்தில் நிற்கிறது. 2015இல் வெற்றிலை, 2020இல் மொட்டு, 2024இல் நுவரெலியா மாவட்டத்தில் ஐக்கிய தேசியக் கட்சியின் யானை. ஆதரவாளர்களின் பதிவுகளில் யானையும் சேவலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது இதனால்தான். வெற்றிலைக்கென்று தனி எமோஜி கிடையாது. மலையக மக்கள் முன்னணியின் மண்வெட்டிக்கும் இல்லை. விசைப்பலகையில் ஆயத்தமாக நிற்கும் சேவலுக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம்தான்.

இந்தப் படத்தின் கீழே வாழ்த்து மட்டும் வருவதில்லை, கோபமும் வருகிறது. 1,000 ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. அந்தக் காலம் முழுக்கச் சேவலைப் போட்டுக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள், அதே சேவலைப் போட்டு “சம்பளம் எங்கே?” என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கேட்டவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்குவது தவறு. சந்தா கட்டிய குடும்பத்துப் பிள்ளைகள்தான் அவர்கள். கேட்பதற்கு அவர்களைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?

2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி எடுத்துக்கொண்டது. அதன் சின்னமான திசைகாட்டிக்கும் எமோஜி இருக்கிறது, 2018இலிருந்து. அடுத்த மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது மாவட்டத்தின் பல சபைகளில் காங்கிரஸ் சொந்தச் சேவலோடு களம் இறங்கியது. ஒரே குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் தோட்டத்தில் இருக்கும் அப்பா சேவல் போட, கொழும்பில் கடையில் நிற்கும் மகன் திசைகாட்டி போடுவது அப்போது சாதாரணமாகிவிட்டது. இரண்டு படங்களுக்கும் கீழே நடந்த பேச்சு, நாட்சம்பளத்தையும் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி எப்போது கிடைக்கும் என்பதையும் பற்றியே இருந்தது.