முதற்பிள்ளை சீசர், இரண்டாவது?

புதுக்குடியிருப்பில் வாழும் எம் பழைய மாணவி ஒருத்தி சென்ற மாதம் எம்மைக் காண வந்தாள். முதற்பிள்ளையைச் ‘சீசர்’ செய்து பெற்றவள். இப்பொழுது மீண்டும் ஏழு மாதம். கைத்தொலைபேசியிற் கணக்குப் பார்த்தாளாம். சுகப்பிரசவத்துக்கு வாய்ப்பு நூற்றுக்கு 62 என்று அது காட்டிற்றாம். “இது பாசா, பெயிலா, சேர்?” என்றாள். நாம் புள்ளியிடப் பழகியவரேயன்றி வைத்தியரல்லேம். ஆயினும் கேள்வி எம்மை விடவில்லை. அறிந்தோரைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் தெளிந்ததை இங்கே தருகின்றோம்.

ஒருமுறை கீறினால் மறுமுறையும் கீறவேண்டியதே என்னும் எண்ணம் நம் ஊர்ப் பாட்டிமார் கட்டியதன்று. 1916 இல் நியூயோர்க் வைத்தியர் எட்வின் கிரேகின் கூறியது. முதல் அறுவையை வீணே செய்யாதீர் என எச்சரிக்கவே அவர் அதனைச் சொன்னார். உலகமோ பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. அக்காலத்திற் கருப்பையின் மேற்பாகத்தை நெடுக்காகக் கீறினர். வேதனையின்போது இறுகிச் சுருங்கும் பாகம் அதுவே. ஆதலால் தழும்பு பிளக்கும் அபாயம் மிகுதி. பின்னர் கிளாஸ்கோ நகரத்து மன்றோ கெர் முதலியோரின் முயற்சியால், கீழ்ப்பாகத்தைக் குறுக்காகக் கீறும் முறை பரவிற்று. அத்தழும்பு உறுதியானது. அத்தகைய கீறல் ஒன்று மட்டும் உடைய தாய்மார் சுகப்பிரசவத்துக்கு முயன்றால், ஏறக்குறைய நால்வரில் மூவருக்குக் கைகூடுகின்றது. தழும்பு பிளப்பது இருநூற்றில் ஒருவருக்கே. ஆயினும் அந்த ஒருவரிடத்துத் தாயுயிரும் சேயுயிரும் நிமிடக்கணக்கில் நிற்கின்றன.

மாணவி பார்த்தது போன்ற கணக்கொன்றை 2007 இல் அமெரிக்காவிலே வில்லியம் குரோப்மன் குழுவினர் வெளியிட்டனர். வயது, உயரம், நிறை ஆகியவற்றோடு இனத்தையும் கேட்டு, கறுப்பினத் தாய்க்குப் புள்ளி குறைத்தது அது! 2021 இல் திருத்தியபோது இனத்தை நீக்கிவிட்டனர். முன்னர் ஒரு பிள்ளையேனும் சுகமாய்ப் பிறந்திருந்தால் புள்ளி நன்றாக ஏறும். முதலறுவையின் காரணமும் பெரிது. வேதனை எடுத்தும் பிள்ளை இறங்காது தடைப்பட்டமையால் அறுத்திருந்தால் வாய்ப்புக் குறையும். பிள்ளையின் பிட்டம் கீழ்நோக்கியிருந்தமையால் அறுத்திருந்தால் அக்குறைவு இல்லை.

அக்காரணத்தையும் உள்ளே கீறிய விதத்தையும் அறிவிப்பது ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தரும் அட்டையே. வயிற்றின் வெளித்தழும்பு உட்கீறலைக் காட்டாது. வன்னியில் இதனை அழுத்திச் சொல்லவேண்டும். 2009 இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருந்து உடுத்த துணியோடு வெளியேறிய சனத்தின் உடைமைகளோடு இத்தகைய கடதாசிகளும் போயின. “எங்கே கீறினார்கள்?” என வைத்தியர் கேட்டால், அட்டையில்லாத தாய் என்ன சொல்வாள்?

புள்ளி எத்துணை உயர்ந்தாலும் வீட்டிலிருந்து முயலும் காரியமன்று இது. இரவுபகலாகச் சத்திரசிகிச்சைக் கூடமும், மயக்க மருந்து கொடுப்பவரும், இரத்தமும் ஆயத்தமாயிருக்கும் இடம் வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளை நாடுவதே வழி. மார்கழியிற் குளங்கள் வான்பாயும்போது கொக்கிளாயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ வேதனையோடு வாகனம் தேடலாமா? எந்நாளில் விடுதியிற் சேர்வது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் முன்னரே பேசி வைத்தல் நன்று.

மாணவியிடம் அட்டையைப் பற்றிக் கேட்டோம். எங்கு வைத்தாளென்பதே நினைவில்லை அவளுக்கு. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தாள். மாமியாரின் றங்குப்பெட்டியில், காணி உறுதியோடு சேர்த்துக் கட்டியிருந்ததாம். குறுக்குக் கீறல், பிள்ளை பிட்டம் கீழாக இருந்தது. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு அதனையும் கொண்டுபோகின்றாள்.