தாளமும் நடையும்

நடுக்குவாதம் என்று நம் வைத்தியர்களும், பார்க்கின்சன் நோய் என்று மேனாட்டாரும் வழங்கும் வியாதி, உயிரை உடனே வாங்குவதன்று. மனிதனுடைய சுதந்திரத்தை வாங்குவது. கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, நடை குறுகுகிறது. வாயிற்படியை அடைந்தவன் அப்பால் அடியெடுத்து வைக்க மாட்டாமல், கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுகிறான். சித்தம் நடக்கச் சொல்கிறது, கால் கேட்பதில்லை. தன் உடலில் தன் ஆணை செல்லாத நிலையினும் கொடிய அடிமைத்தனம் யாதுளது?

இந்நோயை 1817-ஆம் வருஷத்தில் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தெழுதினார். மூளையின் அடிப்பாகத்தில் கருநிறமான ஒரு பகுதியிலுள்ள உயிரணுக்கள் அழிவதால், டோபமைன் என்னும் பொருள் குறைந்துபோவதே இதன் காரணங்களில் முதன்மையானது. நடத்தல், எழுதுதல், பொத்தான் இடுதல் முதலிய பழகிய செயல்களை நாம் நினையாமலே நடத்தித் தருவது அப்பகுதியின் வேலை. 2019-ஆம் வருஷக் கணக்குப்படி உலகில் 85 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயால் வருந்துகின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நமது கிராமங்களிலோ இதனை முதுமையின் குணமென்றெண்ணி, நோயாளியைத் திண்ணையில் உட்கார்த்திவிடுவோர் பலர்.

இவ்விஷயத்தில் நாம் நினைவிற் கொள்ளவேண்டிய வரலாறு ஒன்றுண்டு. நமது வேலிகளிற் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து, லெவோடோபா என்னும் பொருளைச் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்னும் இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டனர். அப்பொருளே உடலிற் சென்று டோபமைனாக மாறுவது. எனினும், அதனைத் தக்க அளவிற் கொடுத்தால் நடுக்குவாத நோயாளர் எழுந்து நடப்பர் என்பதை 1967-இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்ற வைத்தியர் நிலைநாட்டினார். முப்பது வருஷம் கழிந்தது. விதை நம்முடையது, பிரித்தெடுத்த கையும் நம்முடையது, பயனைக் கண்டதோ பிறர். (விதையைத் தாமே பொடித்துண்பது அபாயம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.)

இப்போது தாளத்தின் விஷயத்திலும் அதுவே நேர்ந்து வருகிறது. அமெரிக்காவில் தாவுட், மக்கின்டாஷ் முதலிய ஆராய்ச்சியாளர் 1996-இல் வெளியிட்ட சோதனையொன்றைக் கேளுங்கள். நோயாளர் சிலர், தாள அடி தெளிவாக ஒலிக்கும் இசையைக் கேட்டவண்ணம் மூன்று வாரம் நடந்து பயின்றனர். அவர்களுடைய நடைவேகம் நூற்றுக்கு 25 வீதமும், காலடியின் நீளம் 12 வீதமும் உயர்ந்தன. இசையின்றிப் பயின்றோரின் வேகம் 7 வீதமே உயர்ந்தது. பயிற்சியே செய்யாதோருக்கு 7 வீதம் குறைந்தது.

இதன் சூட்சுமம் யாது? அடுத்த அடி எப்போது என்று உள்ளிருந்து சொல்லும் கடிகாரம் பழுதுபட்டவனுக்கு, வெளியிலிருந்து வரும் தாளம் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறது. செவிக்கும் கால்களை ஏவும் மூளைப் பகுதிகளுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பழுதுபட்ட பாதையை விட்டு வேறு பாதையாற் கட்டளை செல்கிறது. ஆதலின் இங்கே வேண்டுவது ராக ஆலாபனை அன்று, லயம். அதிலும் இரண்டு கால்களுக்கு இசைந்த சீரான இரட்டை எண்ணிக்கை. ஆதிதாளத்தின் எட்டு அடி இதற்கு நன்கு பொருந்தும்.

செய்யும் முறை எளிது. நோயாளி ஒரு நிமிஷத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று முதலில் எண்ணிக்கொள்க. அந்த வேகத்திலேயே தாளம் போட்டு நடக்கச் செய்க. நன்கு பழகிய பின்னரே வேகத்தை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வீதம் உயர்த்துக. விழாதபடி ஒருவர் அருகில் இருத்தல் அவசியம். இசை நோயைத் தீர்ப்பதன்று; அழிந்த உயிரணுவை மீட்பதுமன்று. வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்தித் தாளத்தை நம்புவோர் கேடடைவர். மருந்தோடு சேர்ந்த துணை இது.

புனா நகரில் ஹிருஷிகேஷ் பவார் என்ற நடனக் கலைஞர் இந்நோயாளருக்கு நடன வகுப்பு நடத்தி வழிகாட்டியிருக்கிறார். தமிழகத்தில் இது ஏன் பரவலாகாது? கடலூர் ஜில்லாவையே பாருங்கள். நெய்வேலிச் சுரங்கங்களுக்கு அணித்தேயுள்ள கம்மாபுரம் போன்ற ஊர்களில், நடவு வயலில் பாட்டுக்கிசையக் கை நாற்றை ஊன்றும் வழக்கமிருந்தது. கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் கால் பழகியிருந்தது. பறையடிப்போரின் கையிலுள்ள லயத்துக்கு எந்தச் சபை வித்வானும் தலை வணங்குவான். அக்கலைஞரைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய சமூகம், தன் முதியோரை நடத்துவிக்க அவர்களையே நாடிச் செல்லும் நாள் வந்தால் நாம் மகிழ்வோம்.

அதே ஜில்லாவிலுள்ள சிதம்பரத்தில், 1929-இல் தோன்றிய அண்ணாமலைச் சர்வகலாசாலையில் இசைக்கல்வி நடைபெறுகிறது. 1940-க்களில் தமிழிசை இயக்கத்துக்கு ஊற்றாயிருந்த இடம் அது. அதன் அருகிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இசை ஆசிரியரும் நரம்பு வைத்தியரும் ஒருங்கமர்ந்து, நம் தாளங்களை நம் நோயாளரிடம் முறையாகச் சோதித்துப் பார்ப்பதற்கு இதனினும் ஏற்ற இடம் எது?

தேசத்தொண்டர்க்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் ஊரில் நடை குறுகித் திண்ணையில் முடங்கிய முதியவர் எவரேனும் உளரா என்று விசாரியுங்கள். அவரை முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியர் இசைவு பெற்றபின், பஜனை மடத்திலோ பள்ளி முற்றத்திலோ வாரம் இருமுறை தாளத்தோடு நடக்க ஏற்பாடு செய்யுங்கள். செலவு அற்பம், வேண்டுவது இரண்டு கைகளும் சிறிது பொறுமையும். பூனைக்காலியில் நேர்ந்த முப்பது வருஷத் தாமதம் தாளத்திலும் நேராதிருப்பது நம் கையிலுள்ளது.