காட்டுப்பன்றியும் கரண்டு வேலியும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, கவிதைக்கும் எனக்கும் காத தூரம் என்று தப்பிக்கப் பார்த்தேன். "அப்படின்னா ஒரு டெக்னிக்கல் விஷயமா எழுதுடா" என்றார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்த டெக்னிக்கல் விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் லேபில் கற்றதல்ல, ஊரில் தப்புச் செய்து கற்றது.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே இருக்கிற கரிசல் பூமி. மழையை நம்பிப் புரட்டாசியில் மக்காச்சோளம், உளுந்து, பாசி விதைப்போம். தை மாசம் அறுப்போம். பேருக்குக்கூட ஒரு மலை பக்கத்தில் கிடையாது. அப்புறம் எப்படிக் காட்டுப்பன்றி வந்தது என்று கேட்பீர்கள். கண்மாய், ஓடை, தரிசு எல்லாவற்றிலும் சீமைக்கருவேல் அடைத்துக் கிடக்கிறதே, அதுதான் அதற்கு லாட்ஜ். பகலெல்லாம் முள்ளுக்குள் படுத்திருந்துவிட்டு, இருட்டியதும் கூட்டமாகச் சாப்பாட்டுக்குப் புறப்படும். மெஸ் நம்முடைய சோளக்காடு!

பன்றி சாப்பிடுவதை விட அழிப்பதுதான் அதிகம். தட்டையை நெஞ்சால் சாய்த்து, கதிரில் பால் பிடித்த இடத்தை மட்டும் கடித்துவிட்டு அடுத்த தட்டைக்குப் போய்விடும். கடலைக் காடாக இருந்தால் மூக்காலேயே உழுதுவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 115 நாள்தான். ஒரு ஈத்துக்கு நாலைந்து குட்டிக்குக் குறையாது. பெட்டைக் குட்டி ஒரு வயசுக்குள்ளேயே சினைப்பிடிக்கும். இந்த வேகத்தில் பெருகுகிற பிராணியோடுதான் நகையை அடகு வைத்து விதையும் உரமும் வாங்கிய சம்சாரி மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

என் சித்தப்பாவுக்கு நாலு ஏக்கர், அதில் ஒரு கிணறும் உண்டு. நான் முதலாண்டு படித்தபோது ஐப்பசி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். இரண்டே ராத்திரியில் அரை ஏக்கர் சோளம் படுத்துவிட்டது. சித்தப்பா பரண் போட்டுக் காவல் கிடந்தார், தகரம் தட்டினார், வெடி போட்டார். மூன்று நாள் பயந்த பன்றி நாலாம் நாள் வெடிச் சத்தத்துக்கு நடுவிலேயே மேய்ந்தது. அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"ஏ தம்பி, நீ கரண்டுக்குத்தான படிக்கே? மோட்டார் ரூம்ல இருந்து ஒரு லைன இழுத்துக் காட்டச் சுத்தி விடு. வந்தா பொட்டுன்னு போயிரட்டும்."

எனக்கோ பெருமை தாங்கவில்லை! ஸ்டார்ட்டருக்கு முன்னால் ஒரு ஃபேஸை எடுத்து, கட்டுக்கம்பியைக் குச்சிகளில் சைக்கிள் ட்யூப் சுற்றிக் கட்டி, முழங்கால் உயரத்தில் நாலு ஏக்கரையும் சுற்றிவிட்டேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரிந்தது. இன்ஜினியர் ஆகிவிட்ட நினைப்பில் போய்ப் படுத்தேன்.

விடியற்காலம் சித்தப்பாவின் சத்தம் கேட்டு ஓடினோம். அவர் வளர்த்த மணி கம்பியைக் கவ்வியபடி விறைத்துக் கிடந்தது. அதற்கு நாலடி தூரத்தில், தினமும் அந்த வரப்பு வழியே பால் கொண்டுபோகிற அத்தை, நாய்க்கு என்னவோ ஆச்சென்று தூக்கிவிடக் குனிந்த நிலையில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். மோட்டார் ரூமிலிருந்து சித்தப்பா போட்ட கூச்சல்தான் அவரை நிறுத்தியது. பனி இறங்கிய ஈர வரப்பு, செருப்பில்லாத கால். பன்றி அந்தப் பக்கமே வரவில்லை.

நிற்க. இப்போது அந்தக் கம்பியில் என்ன நடந்தது என்று நம் பாஷையில் பார்ப்போம். ஈரக் காலோடு நிற்கிற ஆளின் உடல் ரெசிஸ்டன்ஸ் தோராயமாக 1000 ஓம்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைத் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 50-ஐத் தாண்டி ஒன்றிரண்டு செகண்டு ஓடினால் இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடக் கூடும். நான் வைத்தது அதைப்போல நாலு மடங்குக்கும் மேல்.

"ஃப்யூஸ் போயிருக்குமே?" என்று ஒரு ஜூனியர் கேட்டான். மோட்டாருக்குப் போட்ட ஃப்யூஸ் கட்டை பத்து இருபது ஆம்பியரில் உருகும். கால் ஆம்பியர் ஓடுவது அதற்கு ஒரு கொசுக்கடிகூட இல்லை. ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை, ஆளை அல்ல! 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. காப்பாற்றும்தான். ஆனால் ஈரப்புல் உரசுகிற கம்பியில் எந்நேரமும் லீக்கேஜ் இருப்பதால் அது நிற்காமல் ட்ரிப் ஆகும். உடனே யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல. 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் பன்றிக்காகப் போட்ட கள்ள மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துப்போயின. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. நிலத்துக்காரர் கைதானார். யானை என்பதால் பேப்பரில் பெரிதாக வந்தது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போய்ப் பக்கத்துக் காட்டுக் கம்பியில் விழுந்தவர் செய்தி மாவட்டப் பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடும்.

சரி, சோலார் வேலி என்று கடையில் விற்கிறார்களே, அதிலும் கரண்டுதானே ஓடுகிறது என்றால், ஆமாம், அதுவும் 7000, 8000 வோல்ட்! வோல்ட்டேஜைக் கேட்டதும் பயப்படாதீர்கள், கால அளவைப் பாருங்கள். எனர்ஜைசர் என்ற அந்தப் பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு சர்க்யூட் கெப்பாசிட்டரைச் சில நூறு வோல்ட்டுக்குச் சார்ஜ் செய்கிறது. ஒரு எஸ்.சி.ஆர். அதைச் சட்டென்று பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் கொட்டுகிறது. அதுதான் சில ஆயிரம் வோல்ட்டாகக் கம்பிக்குப் போகிறது. நாம் போர்டில் எழுதிப்போடுகிற அரை சி.வி. ஸ்கொயர் இங்கே வேலைக்கு வருகிறது: 20 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் என்றால் 2.5 ஜூல். ஐ.இ.சி. 60335-2-76 என்ற தரவரையறையின்படி ஒரு பல்ஸ் 500 ஓம்ஸ் லோடில் 5 ஜூலைத் தாண்டக் கூடாது. 10 மில்லி செகண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது. ஒரு பல்ஸுக்கும் அடுத்த பல்ஸுக்கும் இடையே குறைந்தது ஒரு செகண்டு இடைவெளி வேண்டும். ஆகக்கூடி, தொட்டவனுக்குப் பளாரென்று ஒரு அறை. பிறகு கையை உதறிக்கொண்டு ஓட முழுசாக ஒரு செகண்டு. மெயின்ஸ் கம்பியோ பிடித்தால் விடாது.

இதைப் படித்துவிட்டு "நாமே ஒன்று செய்து ஃபைனல் இயர் புராஜெக்டாக வைத்துவிடலாமே" என்று சிலருக்கு ஆசை வரும். எனக்கும் வந்தது. துறை ஆசிரியர் ஒரே கேள்வியில் உட்கார வைத்தார்: "உன் டைமர் கெட்டுப்போய் பல்ஸ் நிற்காமல் போக ஆரம்பித்தால் என்ன ஆகும்?" தரச்சான்று பெற்ற பெட்டியில் அதற்கும் பாதுகாப்பு இருக்கும், என் பிரெட்போர்டில் இல்லை. பேசாமல் கடையில் வாங்கினோம்.

வாங்கிய பிறகும் உடனே ஜெயிக்கவில்லை. பன்றி கம்பிக்கு அடியிலேயே நுழைந்து போனது. முதல் கம்பியை நான் ஒன்றேகால் அடி உயரத்தில் கட்டியிருந்தேன். பன்றியின் உடம்பில் மயிரும் தடித்த தோலும் இருப்பதால் அங்கே ஷாக் சரியாக ஏறாது. ஈர மூக்கில்தான் பிடிக்கும். அது மூக்கைத் தரையோடு வைத்துத்தான் வரும். ஆகவே முதல் கம்பி தரையிலிருந்து எட்டு அங்குலம், இரண்டாவது ஒன்றேகால் அடி, மூன்றாவது இரண்டடி என்று மாற்றினேன். அப்புறமும் மீட்டரில் 2000 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. குற்றவாளி எர்த்! பன்றியின் காலிலிருந்து மண் வழியாக எர்த் ராடுக்குத் திரும்பினால்தான் சர்க்யூட் முழுமையாகும். நான் அடித்திருந்தது இரண்டடிக் கம்பி ஒன்று. ஆறடி ராடு மூன்றைப் பத்தடி இடைவெளியில் ஈரப்பாங்கான இடத்தில் அடித்து இணைத்ததும் மீட்டர் 6000 காட்டியது. மோட்டார் எர்த்துக்கும் இதற்கும் முப்பது நாற்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். மின்வாரியக் கம்பிக்கு அடியில் வேலியை நெடுக ஓட்டாதீர்கள். பாதை ஓரங்களில் எச்சரிக்கைப் பலகை அவசியம். முக்கியமான இன்னொன்று: கதிர் பால் பிடிப்பதற்கு முன்பே வேலி ஓட வேண்டும். ருசி கண்டுவிட்ட பன்றி ஒரு அறை வாங்கிக்கொண்டாவது உள்ளே போய்விடும்.

வனத்தை ஒட்டிய நிலமாக இருந்தால் மின்வேலிக்கு அனுமதியும் பதிவும் தேவை என்று 2023-இல் தமிழ்நாடு அரசு தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது.

"வேலியெல்லாம் எதுக்கு, சுட்டுத் தள்ளிட்டா போகுது" என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற பிராணி. முன்பு மூன்றாவது அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாவதில் இருக்கிறது. நினைத்தவர் சுட முடியாது. 2025 ஜனவரியில் நம் மாநிலத்தில் ஒரு ஏற்பாடு அறிவித்தார்கள்: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். எங்கள் ஊர் மூன்றாவது வகை. அப்படியும் சம்சாரி கையில் துப்பாக்கி இல்லை. மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு இதில் கோபம் இருப்பது நியாயம்தான். காய்க்குள் வெடி வைப்பதில் மட்டும் எந்த நியாயமும் கிடையாது. அதைப் பன்றி கடிக்குமா, பசுமாடு கடிக்குமா என்று வைத்தவனுக்கே தெரியாது.

சுடுவதால் மட்டும் தீர்ந்துவிடுமா என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே டெக்சாஸ் மாநிலத்தில் வீட்டுப் பன்றி காட்டுக்குப் போய்ப் பெருகிவிட்டது. 2011 முதல் ஹெலிகாப்டரில் இருந்து சுடவும் தனியாருக்கு வழி செய்தார்கள். ஆனாலும் பன்றி தீரவில்லை! வருஷத்துக்கு மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்தால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை உஷாராகி வேறிடம் போய் ஈன்றுவிடும். அதனால்தான் பெரிய வட்டப் பட்டி அடித்து, தீனி போட்டுப் பழக்கி, கூட்டம் முழுசும் உள்ளே வந்ததைக் கேமராவில் பார்த்த பிறகே கதவை விழ வைக்கிறார்கள். அதையும் இங்கே வனத்துறைதான் செய்ய முடியும்.

எங்கள் ஊரில் கையிலிருக்கிறது இவ்வளவுதான்: கண்மாய்க் கருவேலை வெட்டுவது, மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு நெருக்கி விதைப்பது, காசில்லாதவர்கள் பழைய சேலையை வேலியாகக் கட்டுவது, சலூன் முடியை வரப்பில் தூவுவது. கடைசி இரண்டும் பன்றி பழகும்வரைதான்.

போன தையில் சித்தப்பா நாலு ஏக்கரும் அறுத்தார். அந்தக் கட்டுக்கம்பி மோட்டார் ரூம் பரணில் சுருட்டியபடி கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போட அவருக்கு மனசில்லை, தொடவும் மனசில்லை. பால் அத்தை மட்டும் என்னைக் கண்டால் இன்றும், "என்னடே, இது எந்தக் கரண்டு?" என்று கேட்டுவிட்டுத்தான் வரப்பில் காலை வைப்பார். செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலுக்குச் சித்தப்பாவின் போன் வந்தது: "தம்பி, பெட்டியில டக்குடக்குன்னு சத்தம் வரல." கம்பியில் புல் ஏறியிருக்கும், அறுத்துவிட்டுப் பாருங்கள் என்றேன். அரைமணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டுப் போனையே பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். டக்... டக்... என்று செகண்டுக்கு ஒன்றாகக் கேட்டது.