கார் இல்லேன்னா என்ன, கால் இருக்குல்ல!

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் வானொலி நிகழ்ச்சியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். "இந்த வாரக் கடைசியில எங்க போறீங்க?" பதில்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். பேரங்காடி, மாமியார் வீடு, கேமரன் மலை. சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா அழைத்தார். "எங்கம்மா போறது? வண்டி ஓட்ட ஆள் இல்ல. பிள்ளைங்க வந்தா வெளிய போவேன். இல்லேன்னா வீடுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு, அவர் கேட்ட பாடலைப் போட்டுவிட்டு, அடுத்த அழைப்புக்குப் போய்விட்டேன்.

ஒலிபரப்புக் கூடத்தைவிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. குளுவாங்கில் இருக்கும் என் அம்மாவின் நிலையும் அதேதான்.

அப்பா போய் மூன்று வருடமாகிறது. அவர் இருந்தவரை எங்கள் பழைய காரில் சந்தை, திருவிழா, கல்யாண வீடு என்று அம்மா சுற்றிக்கொண்டே இருப்பார். அப்பாவோடு அந்தப் பயணங்களும் போய்விட்டன. அம்மாவுக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் கோலாலம்பூரிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு போவேன். அம்மாவை ஒரு பேரங்காடிக்கு அழைத்துப் போய், சாப்பாடு வாங்கிக் கொடுத்து, வீட்டில் விட்டுவிட்டுத் திரும்புவேன். கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வாரம் கார் பட்டறையில் மாட்டிக்கொண்டது. "இந்த வாரம் வரமுடியாதும்மா" என்று சொல்ல வாயெடுத்த பிறகுதான் ரயில் ஞாபகத்துக்கு வந்தது. இடிஎஸ் மின்சார ரயில் 2025 ஆகஸ்டில் குளுவாங் வரைக்கும், அதே ஆண்டு டிசம்பரில் ஜொகூர் பாரு வரைக்கும் நீண்டுவிட்டது. செய்தி அறிக்கையில் அதை நானேதான் வாசித்தேன். ஆனால் ஏறிப் பார்த்ததில்லை. சனிக்கிழமை ஏறினேன். பெட்ரோல், டோல், சிரம்பான் நெரிசல் என எந்தக் கவலையும் இல்லை. கெமாஸைத் தாண்டியதும் ஜன்னல் முழுக்கச் செம்பனைதான்.

மறுநாள் காலை அம்மா கேட்டார்: "கார் இல்லாம எங்கம்மா போறது?" நான் பதில் தேடுவதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "கார் இல்லேன்னா என்ன, கால் இருக்குல்ல! லம்பாக் மலைக்குப் போவோமா?"

குளுவாங்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு குனோங் லம்பாக் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. உயரம் 510 மீட்டர். நகரத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். அடிவாரத்தில் பொழுதுபோக்கு வனமும் ஓடையும் உண்டு. அந்தத் திசையில் ஒரு பஸ் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி நிறுத்தத்தில் நின்றோம். நாற்பது நிமிடம் நின்றும் பஸ் வரவில்லை. கிராப் கூப்பிடலாம் என்று நான் கைப்பேசியை எடுத்தேன். அம்மாவோ அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார்.

"உங்க முட்டி என்ன ஆவுறது?" என்று பின்னாலேயே ஓடினேன்.

"மூணு கட்டைதானே! முடியலைன்னா சொல்றேன், அப்ப கூப்பிடு."

கட்டைக் கணக்கில் தூரம் சொல்லும் தலைமுறை அது. அம்மாவுக்கு 63 வயது. பதினாறு வயதில் கித்தாக் காட்டில் பால் வெட்டப் போனவர். விடியும் முன் பெரட்டுக்குப் போய் நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து, ஸ்டோர் வரைக்கும் சுமந்து வந்து ஊற்றியவர். ஒரு நாளைக்கு எத்தனை கட்டை நடந்திருப்பார் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. அன்றைக்கு நான் கேட்காமலேயே சொன்னார். திருவிழாவுக்குத் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு நடந்து வந்தது, செருப்பு தேயக்கூடாது என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூட நாளில் பாம்பைப் பார்த்து ஓடியது. காரில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது இதில் ஒன்றையும் அம்மா சொன்னதில்லை. காரில் நான் சாலையைப் பார்ப்பேன், அம்மா கைப்பேசியைப் பார்ப்பார்.

வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம். வீடுகள் குறைந்து பச்சை கூடியது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான பிறகு அடிவாரம் வந்தது. அம்மா ஓடைத் தண்ணீரில் காலை நனைத்தபடி உட்கார்ந்துவிட்டார். "நீ ஏறிட்டு வா, நான் எங்கயும் போயிடமாட்டேன்" என்றார். நான் ஏறினேன். வேர்களே படிகளாக இருந்தன. செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருந்தார்கள். பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. தினமும் பல மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற உடம்பல்லவா! உச்சிக்குப் போகாமலேயே இறங்கிவிட்டேன். கீழே அம்மா, குடும்பத்தோடு வந்திருந்த இன்னொரு பாட்டியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். திரும்பும்போது கிராப்தான். அதில் எங்கள் இருவருக்கும் வெட்கமில்லை.

குளுவாங் மாதிரிச் சின்ன ஊர்களில் ரயிலிலிருந்து இறங்கி இப்படி நடக்க நிறையவே இருக்கிறது. மலை வேண்டாம் என்பவர்கள் நகரத்துக்குள்ளேயே நடக்கலாம். 1938-இலிருந்து பெயர் பெற்ற குளுவாங் ரயில் கோப்பிக் கடையில் ஒரு கோப்பி-ஓவும் ரொட்டி பாக்காரும் சாப்பிட்டுவிட்டு, சுவரோவியங்களைப் பார்த்தபடி மெங்கிபோல் ஆற்றுப் பக்கம் போனால் ஒரு காலைப் பொழுது போய்விடும். ஊருக்குப் பெயர் கொடுத்த கெலுவாங், அதாவது பழந்தின்னி வௌவால், பற்றிப் பிள்ளைகளுக்குக் கதையும் சொல்லலாம்.

கெமாஸையும் ஜொகூர் பாருவையும் இணைத்த பாதை 1909-இல் முழுமையானது. பாலோ, ரெங்கம், லாயாங்-லாயாங் என்று இந்தப் பாதையோரம் இருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் உங்கள் தாத்தாவோ பாட்டியோ வேலை செய்த தோட்டம் இருக்கும். நம்மவர்கள் வியர்வை சிந்திய மண் இது. ஆனால் நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்களுக்கு அது வெறும் பெயர்ப்பலகைதான்.

பக்கத்து நாட்டையும் பாருங்கள். இந்த ரயில் பாதை ஒரு காலத்தில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வரைக்கும் போனது. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அந்தப் பகுதியில் ரயில் நின்றது. தண்டவாளத்தை எடுத்தார்கள், நிலத்தை விற்றுவிடவில்லை. 24 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதையாக்கினார்கள். பஸ்ஸிலும் எம்ஆர்டியிலும் வந்து இறங்கி, வேண்டிய தூரம் நடந்து, இன்னொரு நிலையத்தில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். கார் இல்லாத பாட்டியும் போகலாம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

நம்மிடம் ரயில் வந்துவிட்டது. நிலையத்துக்கு வெளியே வந்த பிறகு இருக்கும் கடைசி ஐந்து கிலோமீட்டர்தான் சிக்கல். ஜொகூர் மாநில அரசு 2016-இல் தொடங்கிய 'பாஸ் முவாஃபாக்கட் ஜொகூர்' இலவச பஸ்கள் பல மாவட்டங்களில் ஓடுகின்றன. அதுபோன்ற ஒரு பஸ் ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையடிவாரம் வரைக்கும் சொன்ன நேரத்துக்குப் போய் வந்தால், உரிமம் இல்லாத எத்தனை அம்மாக்கள், எத்தனை மாணவர்கள் வீட்டைவிட்டு வெளியே வருவார்கள்!

கிளம்பும் முன் சில விஷயங்கள்:

• எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்காது. கேடிஎம் செயலியில் போகும் ரயிலையும் திரும்பும் ரயிலையும் சேர்த்தே பாருங்கள். விடுமுறைக் காலம் என்றால் முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள்.

• பஸ் விஷயத்தில் காதில் விழுந்த தகவலை நம்பி நிற்காதீர்கள். முதல் நாளே பஸ் நிலையத்தில் நேரில் கேளுங்கள்.

• காலை ஏழரைக்குள் நடக்கத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் இடி மழை சொல்லாமல் வரும். ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் ஓடைப் பக்கம் வேண்டாம்.

• லம்பாக்கில் ஏறி இறங்க மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அட்டைக்கு நீளமான காலுறை, குரங்குக்கு மூடிய பை. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

• தாத்தா வேலை செய்த தோட்டமானாலும் இன்றைக்கு அது தனியார் நிலம். வாசலில் காவலாளியிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

• 1,010 மீட்டர் உயரமுள்ள குனோங் பெலுமுட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு வழிகாட்டியும் முன்னேற்பாடும் வேண்டும். கஹாங் பக்கம் காட்டு யானைகள் நடமாட்டமும் உண்டு.

கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. இருந்தாலும் அடுத்த முறையும் ரயிலில்தான் போவது என்று முடிவு செய்திருந்தேன். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் அம்மாவை அழைத்து, "ஞாயிற்றுக்கிழமை லம்பாக்குக்குப் போவோமா?" என்று கேட்டேன்.

"நான் புதன்கிழமையே போயிட்டு வந்துட்டேன்" என்றார்.

"யாரோட?"

"பக்கத்து வீட்டு அக்கா, கோயில்ல பூ கட்டுற ரெண்டு பேரு. போறப்ப நாலு பேரும் சேர்ந்து கிராப் போட்டோம், வர்றப்ப நடந்தோம். உனக்கு வேலை இருக்கும்னு சொல்லல."

அடுத்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன். "இந்த வாரக் கடைசியில எங்க நடக்கப் போறீங்க?"